வெறும் நுரை

தீபாவளி இரவு, மணி பத்தரை இருக்கும். பினாங்கில், குளுகோரில் எங்கள் தாமான் (குடியிருப்பு) முழுக்கப் பட்டாசுப் புகை. வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். அம்மா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். நான் முறுக்கு டப்பாக்களை மூடி அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பின்வாசலில் ராஜாவின் சத்தம் கேட்டது. அடிவயிற்றிலிருந்து எதையோ மேலே இழுத்து வெளியே தள்ளப் பார்க்கிற சத்தம். ஒருமுறை, கொஞ்சம் இடைவெளி, மறுபடியும். போய்ப் பார்த்தேன். முன்கால்களை அகட்டி, கழுத்தை நீட்டி, வயிற்றை எக்கி எக்கி ஓங்கரித்துக்கொண்டிருந்தான். தரையில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை நுரை. வேறொன்றும் இல்லை.

“வெறும் நுரைதாம்மா,” என்றேன்.

ராஜா ஜெர்மன் ஷெப்பர்ட். எட்டு வயது, 36 கிலோ. அப்பா இறந்த வருடம், வீடு வெறிச்சென்று இருக்கிறதே என்று தம்பி கொண்டுவந்து விட்ட குட்டி. அம்மா அவனை ராஜா என்று கூப்பிட்டதைவிட பைரவா என்று கூப்பிட்டதுதான் அதிகம். பண்டிகை நாள் என்பதால் வந்தவர்கள் ஆளுக்கொரு பிடி கறிச்சோறு போட்டிருந்தார்கள். ஒன்பது மணிக்குத் தன் தட்டையும் அள்ளி விழுங்கினான். அதற்கப்புறம் வெடிச்சத்தத்துக்குப் பயந்து வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடினான். அதனால் பத்து மணிக்கு மேல் அவன் நிலைகொள்ளாமல் அலைந்ததைப் பட்டாசுப் பயம் என்றே எடுத்துக்கொண்டோம். படுப்பான், உடனே எழுவான், திரும்பித் தன் விலாவைப் பார்ப்பான், இன்னொரு சுற்று நடப்பான். எச்சில் நூல் நூலாக ஒழுகியது. பயந்த நாய்க்கு எச்சில் ஒழுகுவதும் உண்டுதான். எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது.

எங்கள் வழக்கமான கிளினிக் விடுமுறை. இரவில் போன் எடுக்கிற இன்னொரு கிளினிக்கைத் தேடி அழைத்தேன். “அஞ்சிங் சாயா முந்தா, டுவா தீகா காலி, பூயே பூத்தே சாஜா” என்று மலாயில் சொன்னேன். என் நாய் இரண்டு மூன்று முறை வாந்தி எடுத்தது, வெள்ளை நுரை மட்டும்தான் என்று அர்த்தம். மறுமுனையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டார். பண்டிகை நேரத்தில் எண்ணெய்ப் பண்டம் தின்று நாய்கள் வாந்தி எடுப்பது சகஜம், சாப்பாட்டை நிறுத்துங்கள், தண்ணீர் கொஞ்சமாகக் கொடுங்கள், காலையிலும் வாந்தி இருந்தால் கொண்டுவாருங்கள் என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. நான் சொன்ன சொல்லுக்கு அதுதான் பதில்.

சொல்தான் தவறு. அம்மா எனக்குப் பின்னால் நின்று அப்போதே சொன்னார்: “வாந்தி எடுக்கலடி, ஓங்கரிக்குது. ஒண்ணும் வரமாட்டேங்குது பாரு.” நம் மொழியில் வாந்தி வேறு, ஓங்கரிப்பு வேறு. கக்குவது வேறு, செருமுவது வேறு, புரையேறுவது அதிலும் வேறு. அம்மா கண்ணால் பார்த்ததை அப்படியே சரியான சொல்லில் சொன்னார். நான் அதை ‘முந்தா’ என்கிற ஒரே சொல்லுக்குள் போட்டுப் போனில் அனுப்பினேன். வந்த நுரையை ‘ஏதோ வந்தது’ என்று கணக்கில் வைத்துக்கொண்டேன். அந்த நுரை வயிற்றுக்குள்ளிருந்து வந்ததே அல்ல. விழுங்கிய எச்சில் தொண்டையிலும் உணவுக்குழாயிலும் காற்றோடு கலந்து அடிபட்டுத் திரும்பி வந்தது, அவ்வளவே. ஒன்பது மணிக்குத் தின்ற அத்தனை சோறும் கறியும் உள்ளேயே இருந்தது. அதில் ஒரு பருக்கைகூட வெளியே வரவில்லை. நான் பார்த்திருக்க வேண்டியது அதைத்தான்.

நள்ளிரவு தாண்டி, பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார். இளவயதில் ஜெர்மன் ஷெப்பர்ட் வளர்த்துக் குட்டி விற்றவர். சத்தம் கேட்டுத் தூக்கம் வரவில்லை என்றார். கைலியோடு உள்ளே வந்தவர் நேராக ராஜாவின் இடது விலா எலும்புக்குப் பின்னால் கையை வைத்து, இரண்டு விரலால் சுண்டிப் பார்த்தார். தவில்போலச் சத்தம் வந்தது. “பெருட் கெம்போங்,” வயிறு உப்பிவிட்டது என்றார். என் முகத்தைப் பார்த்து, “ஈனி தாக் போலே துங்கு பாகி” என்றார். இது காலை வரை காத்திருக்காது. தம்பியை எழுப்பிக் காரில் தூக்கிப் போடும்போது ராஜாவின் உதட்டை விலக்கிக் காட்டினார். எப்போதும் ரோஜா நிறத்தில் இருக்கும் ஈறு, சாம்பல் பூசியதுபோல் வெளுத்திருந்தது.

கிளினிக்கில் டாக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டி விளக்கியது இன்றும் கண்ணில் நிற்கிறது. இரைப்பை காற்றால் பலூன்போல ஊதி, தன்னைத் தானே முறுக்கிக்கொண்டிருந்தது. துணியைப் பிழியும்போது இரண்டு பக்கமும் இறுகுமே, அப்படி. மேலே உணவுக்குழாய் வந்து சேருகிற வாயும் அடைந்துவிடுகிறது, கீழே குடலுக்குப் போகிற வாயும் அடைந்துவிடுகிறது. ஏப்பம் வராது, வாந்தியும் வராது. அதனால்தான் நாய் ஓங்கரித்துக்கொண்டே இருக்கிறது, ஒன்றும் வருவதில்லை. உப்பிய இரைப்பை, உடம்பின் பின்பகுதியிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய நாளத்தை அழுத்துகிறது. இரைப்பைச் சுவருக்கு ரத்தம் போகாமல் சுவரே சாகத் தொடங்குகிறது. பக்கத்தில் ஒட்டியிருக்கும் மண்ணீரலையும் அந்த முறுக்கு இழுத்துக்கொண்டு போகிறது. இதெல்லாம் ஒரே இரவுக்குள், சில மணி நேரத்துக்குள் நடந்து முடிந்துவிடும். மருந்தால் இது திரும்பாது. முதலில் நரம்பு வழியே திரவம் ஏற்றி, குழாயோ ஊசியோ போட்டுக் காற்றை வெளியேற்றி, அதற்குப் பிறகு வயிற்றைத் திறந்து முறுக்கைப் பிரிக்க வேண்டும். மறுபடி முறுக்காமலிருக்க இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள்.

ராஜாவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. மண்ணீரலை எடுக்க வேண்டியிருந்தது, இரைப்பைச் சுவரில் கறுத்துப்போன ஒரு பகுதியையும் வெட்டி எடுத்தார்கள். விழித்தான். அம்மாவின் குரலுக்கு வால் நுனி அசைந்தது. ஆனால் இதயத் துடிப்பு ஒழுங்குக்கு வரவே இல்லை. இந்த நோயில் அறுவைக்குப் பிந்தைய இரண்டு மூன்று நாட்களில் அது நேர்வது உண்டாம். மூன்றாம் நாள் விடியற்காலை போய்விட்டான். பத்தரைக்குக் கேட்ட சத்தத்துக்கு நாங்கள் கிளினிக் வாசலை மிதித்தபோது மணி ஒன்று. அந்த இரண்டரை மணி நேரம் வேறு யாருக்கும் வீணாகிவிடக் கூடாது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெரிய உடம்பு, ஆழமான ஒடுங்கிய மார்பு உள்ள நாய் வைத்திருப்பவர்கள் இந்த இரைப்பை முறுக்கைப் பற்றிக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஜெர்மன் ஷெப்பர்ட், டோபர்மேன், கிரேட் டேன், பெரிய பூடில் எல்லாம் இந்த வகை. வயது ஏற ஏற ஆபத்து கூடும். தாய்க்கோ தகப்பனுக்கோ உடன்பிறந்த குட்டிக்கோ வந்திருந்தால் இன்னும் கூடும். ஒரு நாளைக்கு ஒரே வேளை பெரிய தட்டு நிறையப் போடுவதும், அதை நாய் அள்ளி விழுங்குவதும், பயமும் பதற்றமும் இதைக் கொண்டுவரக்கூடியவை. எங்கள் வீட்டில் அன்று இவற்றில் பல சேர்ந்திருந்தன. இரைப்பையை முன்கூட்டியே தைத்து வைக்கிற அறுவைச் சிகிச்சையும் இருக்கிறது, பெண் நாய்க்குக் கருத்தடை செய்யும்போதே சேர்த்துச் செய்துகொள்ளலாம். இப்படி ஒன்று இருப்பதே எட்டு வருடம் எனக்குத் தெரியாது. உங்களிடம் அந்த வகை நாய் இருந்தால், அடுத்தமுறை தடுப்பூசிக்குப் போகும்போது டாக்டரிடம் கேளுங்கள்.

ராஜாவுக்குப் பிறகு ஒன்றரை வருடம் வீட்டில் நாய் இல்லை. பிறகு சிட்டு வந்தாள். பொமரேனியன், நான்கு கிலோ, யாரோ வேண்டாமென்று விட்டுப்போனவள். அவள் தொண்டையில் சின்னச் சத்தம் கேட்டாலும் எனக்குக் கைகால் நடுங்கும். முதல் வருடத்திலேயே மூன்று முறை அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மூன்றுமே உயிருக்கு ஆபத்தில்லாதவை. ஆனால் அந்த மூன்று முறையும் நான் கற்றுக்கொண்டது கொஞ்சமில்லை.

முதல் முறை, நின்ற இடத்திலேயே கழுத்தை நீட்டி, முழங்கைகளை வெளிப்பக்கம் விரித்து, மூக்கால் காற்றை உள்ளே உறிஞ்சி உறிஞ்சிக் குறட்டைபோலச் சத்தம் போட்டாள். மூச்சு அடைக்கிறது என்றே நினைத்தேன். அது தலைகீழ்த் தும்மல். தும்மலில் காற்று வெளியே போகும், இதில் வேகமாக உள்ளே போகிறது. அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம். முடிந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் வாலாட்டுவாள். ஊதுபத்திப் புகை, வாசனைத் திரவியம், உற்சாகம், எதனாலும் வரும். கிளினிக்குக்குள் போனதும் அவள் அதைச் செய்யவே இல்லை. எந்த நாயும் டாக்டர் முன்னால் செய்யாது. அன்று டாக்டர் சொன்னது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது: அடுத்தமுறை போனில் வீடியோ எடுத்துக்கொண்டு வாருங்கள், சத்தத்தோடு, வயிறு தெரிகிற மாதிரி பக்கவாட்டில் நின்று எடுங்கள். அவசரமில்லாத சமயத்தில் இதைவிடப் பயனுள்ள வேலை வேறில்லை.

இரண்டாம் முறை, தைப்பூசத்துக்குப் பிறகு. தண்ணீர்மலை அடிவாரத்தில் எங்கள் சொந்தக்காரர்கள் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள், மூன்று நாள் வீட்டில் ஆள் இருக்காது. சிட்டுவை நாய் விடுதியில் விட்டிருந்தோம். திரும்பி வந்து ஐந்தாம் நாள் வாத்து கத்துவதுபோல் வறட்டு இருமல். ஒவ்வொரு இருமலின் கடைசியிலும் ஓங்கரிப்பு, அதோடு வெள்ளை நுரை. அதே வெள்ளை நுரை. எனக்கு வியர்த்துவிட்டது. டாக்டர் முதலில் கேட்ட கேள்வி: “இருமல் முதலில் வருகிறதா, ஓங்கரிப்பு முதலில் வருகிறதா?” இருமல்தான் முதலில். அப்படியென்றால் பிரச்சினை மூச்சுக்குழாயில், வயிற்றில் இல்லை. பல நாய்கள் ஒன்றாக அடைபட்டிருக்கும் இடத்தில் பரவும் தொற்று இருமல். போர்டெடெல்லா என்ற பாக்டீரியாவும் சில வைரஸ்களும் தனியாகவோ சேர்ந்தோ இதை உண்டாக்குகின்றன. இரண்டு முறை இருமுவதற்கு நடுவில் சிட்டு பந்தைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டாள், கோழிச் சோற்றை மிச்சம் வைக்காமல் தின்றாள். ராஜா அந்த இரவில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இந்த வித்தியாசத்தை எந்தச் சாதனமும் இல்லாமல் யாரும் பார்த்துவிடலாம். இந்த இருமல் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் தானாக அடங்கும். குட்டியாக இருந்தாலோ, வயதான நாயாக இருந்தாலோ, சாப்பாட்டை விட்டாலோ, மூக்கில் கெட்டிச் சளி வந்தாலோ, மூச்சு வேகமெடுத்தாலோ நெஞ்சுச் சளியாக (நிமோனியா) மாறக்கூடும். அப்போது காத்திருக்கக் கூடாது.

மூன்றாவது முறை, கழுத்துப் பட்டையை இழுத்ததால் வந்தது. சின்ன இன நாய்கள் சிலவற்றுக்கு மூச்சுக்குழாயைத் தாங்கும் குருத்தெலும்பு வளையம் தளர்ந்து தட்டையாகிவிடும். பட்டை இழுக்கும்போதும், குதிக்கும்போதும், வெயிலிலும் அதே வாத்துச் சத்தம், முடிவில் ஓங்கரிப்பு. நெஞ்சைச் சுற்றிப் பூட்டும் வாருக்கு மாற்றினோம், எடையைக் குறைத்தோம், பாதி குறைந்தது. வயதான லேப்ரடாருக்கு இன்னொரு மாதிரி வரும். குரல்வளையின் மடல் திறக்காமல் போய், குரைப்பு கரகரத்து, மூச்சு இரைந்து, தின்னும்போதும் குடிக்கும்போதும் ஓங்கரிக்கும். பினாங்கு வெயிலில் நண்பகல் நடையில் அந்த நாய் சுருண்டு விழுந்தால் அது அவசரம்தான்.

சிட்டுவுக்கு இப்போது வயது பதினொன்று. இரவு படுத்ததும் ஒரு செருமல், ஒரு ஓங்கரிப்பு. இதயத்தின் வால்வு தேய்ந்தாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். அதனால் அவள் ஆழ்ந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுவேன். 30-க்குக் கீழே இருக்க வேண்டும். நேற்று 22. திரும்பத் திரும்ப 30-ஐத் தாண்டினால் கிளினிக். நம் ஊரில் கொசு வருடம் முழுக்க உண்டு என்பதால் கொசு கடித்துப் பரவும் இதயப் புழுவுக்கும் மாதாமாதம் மாத்திரை கொடுக்கிறேன். அந்தப் புழு முற்றியபின் வரும் இருமலும் ஓங்கரிப்பும் சாதாரணச் சளிபோலவே இருக்கும்.

இனி எலும்பு. இதில் என் மனம் ராஜாவையும் தாண்டிப் பின்னோக்கிப் போகிறது. எனக்கு எட்டு வயதிருக்கும். நிபோங் திபால் பக்கம் தோட்டத்தில் இருந்தோம். பிளேக்கி என்று ஒரு கம்பத்து நாய், அதாவது கிராமத்து நாட்டு நாய். கோழிக் குழம்பு எலும்பு முழுவதும் அதற்குத்தான். ஒருநாள் கழுத்தை நீட்டி நீட்டி ஓங்கரித்தது, வாயைக் காலால் பிறாண்டியது, எதையோ விழுங்குவதுபோல் விழுங்கிக்கொண்டே இருந்தது. தண்ணீர் குடிக்கும், குடித்த தண்ணீர் அப்படியே திரும்பி வரும். பாட்டி நமக்குச் செய்வதைத்தான் அதற்கும் செய்தார். மீன் முள் தொண்டையில் சிக்கினால் சோற்றை உருட்டி மெல்லாமல் விழுங்கச் சொல்வார்களே, அது. பிளேக்கி சோற்று உருண்டையை விழுங்கியது, கொஞ்ச நேரத்தில் கக்கியது. மூன்றாம் நாள் ரப்பர் மரத்தடியில் கிடந்தது. பாட்டிக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான், அவர் பாசத்தோடுதான் செய்தார். ஆனால் இன்று எனக்குத் தெரிகிறது. வெந்த எலும்பு கூர் கூராக உடையும். உணவுக்குழாய் ஒடுங்குகிற இடங்கள், அதாவது நெஞ்சுக்குள் நுழையும் இடம், இதயத்துக்கு மேலே, உதரவிதானத்துக்குச் சற்று முன்னால், இந்த மூன்றில் ஒன்றில் சிக்கி நிற்கும். மேலிருந்து சோற்றைப் போட்டு அழுத்தினால் கூர்முனை சுவரில் இறங்கும். ஒரு நாள் தாண்டினாலே சுவர் அழுகித் துளைபடும் ஆபத்து உண்டு. கிளினிக்கில் மயக்கம் கொடுத்து, கேமரா பொருத்திய குழாயை விட்டு எடுத்துவிடுவார்கள். சீக்கிரம் போனால் பெரும்பாலும் கத்தி வைக்காமலேயே முடிந்துவிடும்.

சாத்தே குச்சியும் அப்படித்தான், இறைச்சி வாசனைக்காகக் குச்சியோடு விழுங்கிவிடும். கடலோரம் நடக்கக் கூட்டிப்போகிறவர்களுக்கு இன்னொன்று: தூண்டில் போடுகிறவர்கள் விட்டுப்போன இரையை நாய் விழுங்கினால் தூண்டில் நரம்பு வாயிலிருந்து தொங்கும். அதை இழுக்கவே கூடாது. முனையில் முள் இருக்கிறது.

தொண்டையில் அடைத்து மூச்சே போகாவிட்டால் மட்டும் கதை வேறு. சத்தம் வராது, நாக்கு நீலமாகும், நாய் வெறித்துப் பார்க்கும். கிளினிக் போகும் வரை உயிர் நிற்காது. வாயைத் திறந்து பாருங்கள், பொருள் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள். தெரியாமல் விரலை விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போகும். சின்ன நாயென்றால் பின்னங்கால்களைப் பிடித்துத் தலை கீழாகத் தூக்கலாம். பெரிய நாயென்றால் பின்னாலிருந்து விலாவுக்கு அடுத்த மெத்தென்ற இடத்தில் கைமுட்டியை வைத்து உள்ளும் முன்னுமாக வேகமாகக் குத்தித் தள்ள வேண்டும். வெளியே வந்துவிட்டாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

தெரு நாய்க்கு உதவப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல் ஒரு நாய் நின்றால் உடனே வாய்க்குள் கை விடாதீர்கள். வெறிநோய் வந்த நாய்க்கும் தொண்டைத் தசைகள் செயலிழந்து அதே தோற்றம் வரும். 2015-இல் பெர்லிஸில் தொடங்கிய வெறிநோய் கெடாவுக்கும் பினாங்குக்கும் வந்தது. சரவாக்கில் 2017-இலிருந்து மனித உயிர்களையும் வாங்கியிருக்கிறது. தடுப்பூசி போட்டதா என்று தெரியாத நாயின் எச்சில் உங்கள் கையில் இருக்கும் சிறு கீறலில் படுவதே போதும்.

மழைக்காலத்தில் சாக்கடை ஓரத்துத் தேரையைக் கவ்விவிட்டு வருவதும் உண்டு. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் சுரப்பியிலிருந்து நஞ்சு வாயில் படும். நுரை தள்ளும், ஓங்கரிக்கும், ஈறு செக்கச் செவேலென்று ஆகும். ஈரத்துணியால் ஈறையும் நாக்கையும் திரும்பத் திரும்பத் துடைத்து, துணியை அலசி மறுபடி துடைக்க வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் முகத்தைக் கீழே சாய்த்து, பக்கவாட்டிலிருந்து வெளிப்பக்கம் வழியும்படி விட வேண்டும். தள்ளாடினாலோ நடுங்கினாலோ வலிப்பு வந்தாலோ உடனே வண்டியை எடுங்கள்.

அன்று இரவு அம்மா ஓமத் தண்ணீரைக் கரண்டியில் எடுத்து வந்தார், வயிற்றில் தேய்க்கக் கோடாலித் தைலமும். நான்தான் வாயைப் பிடித்துத் திறந்தேன். ஓங்கரிக்கிற நாயின் வாயில் எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குப் போகலாம். தைலத்தை நாய் நக்கும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதும், பனடோல் (பாராசிட்டமால்) கொடுப்பதும் நல்லெண்ணத்தில் செய்யும் கொடுமைகள். வெறும் வயிற்றோடு, வெறும் வாயோடு கூட்டிப்போவதே நல்லது.

பணமும் ஒரு காரணம், அதை மறைக்க வேண்டாம். ராஜாவுக்கு 5,000 மலேசிய வெள்ளிக்கு மேல் ஆனது, தம்பியும் நானும் பாதிப் பாதி போட்டோம். எல்லாருக்கும் முடியாது. முடியாதவர்கள்கூடக் கூட்டிப்போங்கள். முறுக்கிய வயிற்றோடு விடியும்வரை துடிக்க விடாமல் வலியை நிறுத்தவாவது டாக்டரால் முடியும். பகலிலேயே ஒரு வேலை செய்து வையுங்கள். உங்களுக்குப் பக்கத்தில் இரவில் திறந்திருக்கும் கிளினிக் எது, அங்கே இரவில் அறுவைச் சிகிச்சை செய்யும் டாக்டர் இருப்பாரா என்று போன் போட்டுக் கேளுங்கள். இரவில் போன் எடுக்கிற இடமெல்லாம் இரவில் வயிற்றைத் திறக்கிற இடமல்ல. எங்கள் வீட்டு ஐஸ் பெட்டிக் கதவில் அந்த எண் ஒட்டியிருக்கிறது. அதற்குக் கீழே அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய வரியை எழுதி வைத்திருக்கிறேன்: நாக் முந்தா, தாப்பி தாக் கெலுவார். பெருட் கெம்போங். வாந்தி எடுக்கப் பார்க்கிறது, வரவில்லை. வயிறு உப்பியிருக்கிறது.

ஈறு நிறத்தையும் இன்றே பார்த்து வையுங்கள், நாய் நன்றாக இருக்கும் நாளில். விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். கம்பத்து நாய்கள் பலவற்றுக்கு ஈறே கறுப்பு, அவற்றுக்குக் கீழிமையை இழுத்து உள்பக்கம் பாருங்கள்.

போன மார்ச் மாதம், இரவு பதினொன்றரைக்குப் பட்டர்வொர்த்திலிருந்து சித்தி மகன் கூப்பிட்டான். அவனிடம் ஒரு டோபர்மேன் இருக்கிறது.

“அக்கா, டைகர் சும்மா வாந்தி எடுத்துக்கிட்டே இருக்குக்கா. நாளைக்குக் காட்டினா போதும்ல?”

“வாந்தி வருதா, வரப் பாக்குதா?”

“தெரியல. நுரையா இருக்கு.”

“போன அது பக்கத்துல கொண்டு போ.”

செருப்புச் சத்தம், கதவு திறக்கும் சத்தம். பிறகு அது கேட்டது. அடிவயிற்றிலிருந்து இழுத்து, ஒன்றும் வராமல் நின்று, மறுபடி இழுக்கிற சத்தம். நான் கட்டிலிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

“தம்பி, வண்டிய எடு. இப்பவே. நான் கிளினிக்குக்குப் போன் பண்ணிச் சொல்றேன்.”

மறுநாள் மாலை வேலை முடிந்து பினாங்குப் பாலத்தைத் தாண்டிப் போய்ப் பார்த்தேன். கூண்டுக்குள் படுத்திருந்தான். மழித்த வயிற்றில் நீளத் தையல், முன்காலில் ஊசிக் குழாய். ஈறு வெளிர் ரோஜா நிறத்தில் இருந்தது. கம்பி இடுக்கில் கையை வைத்தேன். தலையைத் தூக்கி ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான்.